மைக்ரோவெசிக்கிள்: நுண்குமிழா, நுண்பொதியா?

குன்னூரிலிருந்து:

ஐயா, வணக்கம். அரிவாள் செல் சோகைக்கான ஆய்வகக் கையேட்டில் எண்டோதீலியல் மைக்ரோவெசிக்கிளை, அதாவது இரத்தநாள உட்சுவர்ச் செல்லிலிருந்து பிரியும் நுண்ணிய சவ்வுப் பையை, ‘இரத்தநாள உட்சுவர் நுண்குமிழ்’ என்று எழுதியிருக்கிறேன். பொருந்துமா?

உதகையிலிருந்து:

அம்மா, ‘இரத்தநாள உட்சுவர்’ இருக்கட்டும். ‘நுண்குமிழ்’ வேண்டாம். இரத்தத்தில் குமிழ் என்றாலே காற்றுதான் நினைவுக்கு வரும். எக்கோ பரிசோதனைக்கு ஊசியில் ஏற்றும் வாயுக் குமிழுக்கு அந்தச் சொல் தேவை. ‘கொப்புளம்’ தோல் மருத்துவத்துக்குப் போய்விட்டது. தட்டணுவிலிருந்து (பிளேட்லெட்) பிரியும் இத்தகைய பைகளை ஆய்வாளர் பீட்டர் வுல்ஃப் 1967இல் ‘பிளேட்லெட் தூசு’ என்றார். தூசு என்றால் பயனற்றது என்றாகிவிடும்.

‘நுண்பொதி’ என்போம். செல் தூண்டப்படும்போது உள்ளே கால்சியம் ஏறுகிறது. சவ்வின் உட்புறம் இருக்க வேண்டிய பாஸ்பாடிடைல்செரின் என்னும் கொழுப்பு வெளிப்புறம் புரள்கிறது. சவ்வு அரும்பி, கொழுந்து கிள்ளினாற்போல் 100 முதல் 1000 நானோமீட்டர் அளவில் பிரிகிறது. உள்ளே ஆர்.என்.ஏ.வும் புரதமும்; சிலவற்றின் மேல் இரத்த உறைவைத் தொடங்கிவைக்கும் திசுக் காரணி. அரிவாள் செல் நோயில் கடும் வலி தாக்கும் நெருக்கடியில் கூடுவது இந்தத் திசுக் காரணிப் பொதிகள்தான். எக்ஸோசோம் என்னும் இன்னொரு வகைப் பை செல்லுக்குள்ளேயே உருவாகி வெளிவருவதால் ‘அகப்பொதி’; மடியும் செல் சிதறுவது ‘சாவுப்பொதி’.

எந்தச் செல்லின் பொதி என்பதையும் பெயர் காட்ட வேண்டும், ஏனென்றால் ஆய்வகத்தில் தவறு நேர்வதே அங்கேதான். மசினகுடியில் எடுத்த இரத்தம் கல்லட்டி மலைப்பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி வந்தால் தட்டணுக்கள் தூண்டப்பட்டுத் தம் பொதிகளை உதிர்க்கும். நாள உட்சுவர்ச் செல்லை அடையாளம் காணப் பார்க்கும் மேற்பரப்புப் புரதமான சிடி 31 தட்டணுவிலும் உண்டு. அதை மட்டும் பார்த்தால் அத்தனையும் இரத்தநாள உட்சுவரின் பொதியாக, அதாவது நாளப்பொதியாக, எண்ணப்படும். சிடி 31 இருந்து, தட்டணுவின் அடையாளமான சிடி 41 இல்லாதவற்றையே எண்ணுங்கள். நாள உட்சுவர்ச் செல்லுக்கே உரிய சிடி 144 இன்னும் தெளிவு.

இரத்தம் உறையாமல் தடுக்கும் சிட்ரேட் குழாயில் எடுத்து, முதல் குழாயை ஒதுக்கி, எடுத்த இடத்திலேயே 2500 ஜி (புவியீர்ப்பைப்போல் 2500 மடங்கு) விசையில் 15 நிமிடம், இருமுறை சுழற்றுங்கள். ஒவ்வொரு முறையும் அடிப்படிவுக்கு மேலே கொஞ்சம் பிளாஸ்மாவை விட்டுவிட்டு உறிஞ்சுங்கள். தட்டணு மிஞ்சினால் உறையவைத்து உருக்கும்போது அது உடைந்து எண்ணிக்கையை ஏற்றிவிடும்.

நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இல் பதிவானது, இந்தியாவில் அரிவாள் செல்லின் முதல் பதிவுகளுள் ஒன்று. இந்த மண்ணுக்கான கையேட்டில் சொல் பிசகக் கூடாது.

குன்னூரிலிருந்து:

நன்றி ஐயா. முதலில் ‘இரத்தநாள உட்சுவர் நுண்பொதி’ என்று முழுதாகவும், பிறகு ‘நாளப்பொதி’, ‘தட்டணுப்பொதி’ என்றும் மாற்றிவிட்டேன். கடைசித் தாள் நோயாளிகளின் வீட்டுக்கும் போகும். அங்கே ‘சாவுப்பொதி’ என்று போட மனம் வரவில்லை. ‘சிதைபொதி’ என்று வைத்திருக்கிறேன்.