த்ரீடி விஷன் கண்ணாடியும் நம்ம வீட்டு டியூப் லைட்டும்

இடது, வலது கண்ணை மாறி மாறி மூடித் திறந்து கம்ப்யூட்டர் திரையில் ஆழம் காட்டும் பழைய என்விடியா த்ரீடி விஷன் கண்ணாடியைத் தூக்கிப்போட மனசில்லாமல் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். 2009-ல் வந்த அந்த செட்டையும் சாம்சங் 2233ஆர்இசட் மானிட்டரையும் தெரிந்தவரிடம் பழையதாக வாங்கினேன். மயிலாப்பூர் அறுபத்துமூவர் விழாவில் ஃபியூஜி டபிள்யூ3 கேமராவில் எடுத்த எம்பிஓ படங்களை (கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படம் சேர்ந்த கோப்பு) கம்ப்யூட்டரில் ஆழத்தோடு பார்க்க வேண்டும், அதற்காகத்தான் இவ்வளவும்.

கண்ணுக்கு 60 வீதம் திரை நொடிக்கு 120 தடவை மாற வேண்டும், ஆனால் முதலில் விண்டோஸில் அந்த 120 ஹெர்ட்ஸே வரவில்லை, 60 மட்டும்தான். ரிச்சி ஸ்ட்ரீட்டில் டூயல் லிங்க் என்று சொல்லிக் கொடுத்த டிவிஐ கேபிளின் முனையைப் பார்த்தால் நடுவில் ஆறு பின்களைக் காணோம், அதாவது அது சிங்கிள் லிங்க்தான். சிங்கிள் லிங்க் 165 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடும், இந்த மானிட்டரை 120-ல் ஓட்ட அது பத்தாது. சாதாரண எச்டிஎம்ஐ மாற்றியும் இதற்கு உதவாது. கடையிலேயே முனையை எண்ணிப் பாருங்கள், 24+1 இருக்க வேண்டும்.

டிரைவர் விஷயம் சுலபம். 2019 ஏப்ரலில் வந்த 425.31 டிரைவருக்குப் பிறகு என்விடியா இந்த வசதியை எடுத்துவிட்டது, அதனால் அதையே போட்டுக்கொண்டு விண்டோஸ் தானாக டிரைவர் மாற்றுவதை நிறுத்திவிடுங்கள். அந்த டிரைவருக்குப் பின்னால் வந்த கார்டுகளில் இந்த வழி கிடையாது.

சரி, எல்லாம் போட்டாயிற்று, எமிட்டரில் (கண்ணாடிக்குச் சிக்னல் அனுப்பும் பெட்டி) பச்சை விளக்கும் பளிச்சென்று எரிகிறது, படத்தில் ஆழமும் தெரிகிறது, ஆனால் திரையைச் சுற்றி அறை முழுக்க ஒரே துடிப்பு, கொஞ்ச நேரத்தில் தலைவலி. கண்ணாடிக்கும் திரைக்கும் சிங்க் விட்டுப்போகிறது, எமிட்டரை மாற்று என்றார்கள் நண்பர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் திரைக்குள் படம் ஆடாமல் நிற்கிறது, ஆடுவது சுவர்தான். டியூப் லைட்டை அணைத்தேன், துடிப்பு போய்விட்டது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பழைய சோக், ஸ்டார்ட்டர் வைத்த டியூப் லைட் நொடிக்கு 100 தடவை மினுங்கும். கண்ணாடியோ ஒவ்வொரு கண்ணுக்கும் 60 தடவை திறந்து மூடுகிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் நொடிக்கு 20 தடவை ஒரு துடிப்பு கிளம்புகிறது, அது கண்ணை அறுக்கிறது. அமெரிக்காவில் மின்சாரமே 60 ஹெர்ட்ஸ், அங்கே எழுதிய குறிப்புகளில் இந்தத் தொல்லையைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

விளக்கை அணைக்க முடியாத அறை என்றால் என்விடியா கண்ட்ரோல் பேனலில் த்ரீடிக்கான வேகத்தை 100 ஹெர்ட்ஸ் ஆக்குங்கள். கண்ணுக்கு 50 என்று ஆகிவிடும், 100-ஓடு சரியாகப் பொருந்தும். திரை வேகம் கொஞ்சம் குறைகிறதே என்றால், டியூப் லைட்டுக்கு எலக்ட்ரானிக் சோக் மாற்றிவிட்டு 120-லேயே இருக்கலாம்.

இப்போது மிச்சம் இருப்பது நிழல்தான். கோபுரத்துக்குப் பின்னால் வெளிச்சமான வானம் இருந்தால் விளிம்பில் இன்னொரு கோபுரம் மங்கலாகத் தெரிகிறது. எல்சிடி பிக்சல் முழுதாக மாறி முடிப்பதற்குள் அடுத்த கண் திறந்துவிடுகிறது. மானிட்டரில் காண்ட்ராஸ்ட்டைக் குறைத்ததும் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. இதைவிட நல்ல வழி யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள், தேர் படங்கள் இன்னும் நிறைய பார்க்கவேண்டியிருக்கிறது.