பொருள்: சுழல்சிதைவு – உம்மைத்தொகையா, வினைத்தொகையா?

அனைவருக்கும் வணக்கம். மனநல வார்டில் குடும்பத்தாருக்குக் கொடுக்கும் நான்கு பக்கக் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. வேண்டாத எண்ணமும் செயலும் திரும்பத் திரும்ப வரும் ஓசிடிக்கு 'எண்ணச் சுழற்சி நோய்', இல்லாத குரல்கள் கேட்கக்கூடிய ஸ்கிசோஃப்ரினியாவுக்கு 'மனச்சிதைவு நோய்' என்று போட்டாயிற்று. மனச்சிதைவு உள்ளவர்களில் ஏறக்குறைய எட்டில் ஒருவருக்கு ஓசிடியும் உண்டு. இரண்டும் சேர்ந்த நிலைக்கு 'சுழல்சிதைவு' சரியா?
– வ.

வ. அம்மா, சுழலும் சிதைவும் என்று விரித்தால் உம்மைத்தொகை. சுழல்கின்ற சிதைவு என்றால் வினைத்தொகை. வேற்றுமைத்தொகையாக இருந்தால் 'சுழற்சிதைவு' என்று றகரம் வந்திருக்கும், அது இங்கே இல்லை. உம்மைத்தொகை என்றால் இரண்டு நோய். வினைத்தொகை என்றால் ஒரே நோயின் தனி வகை. மருத்துவர்களே இன்னும் முடிவு செய்யாத கேள்வி இது. 2013இல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூல் இதைத் தனி நோயாகச் சேர்க்கவில்லை. அவர்கள் முடிக்காததை நம் தொகை முடித்துவிடக் கூடாது. 'உம்' வெளிப்படையாகவே நிற்கட்டும்.
– இரா.

'சுழற்சி' என்பதே எனக்குப் பொருந்தவில்லை. ஓசிடியில் உள்ள 'ஓ', அதாவது அப்செஷன் (விடாமல் வரும் எண்ணம்), அதன் லத்தீன் வேருக்கு முற்றுகையிடுதல் என்று பொருள். நம்மிடம் கோட்டை முற்றுகையைப் பாடும் உழிஞைத் திணையே இருக்கிறது! எண்ணம் மதிலை வளைக்கிறது, உள்ளே இருப்பவர் மதில் காப்போரின் நொச்சிப் பூவைச் சூடிக் காக்கிறார். மனச்சிதைவில் பகை மதிலுக்குள் வந்துவிடுகிறது. 'உழிஞை நோய்' என்போம்.
– செ.

செ. ஐயா, தொல்காப்பியத்தில் நொச்சி தனித் திணை கிடையாது, உழிஞைக்குள் அடக்கம். பின்னால் வந்த புறப்பொருள் வெண்பாமாலைதான் பிரித்தது. அப்புறம், அகராதியைப் புரட்டுகிறவருக்கு உழிஞை என்றால் முடக்கத்தான் கொடி.
– இரா.

நான் வார்டில் வேலை செய்கிறவள். ஒரு பையன் முதலில், "மனசு கழுவச் சொல்லுது. தேவையில்லன்னு தெரியுது, விட முடியல" என்றான். சில மாதம் கழித்து, "அவங்க கழுவச் சொல்றாங்க" என்றான். அதே குழாய், அதே சோப்பு. வீட்டில் கூட இருக்கும் அம்மா, 'மனசு' என்பது 'அவங்க' ஆகும் இந்த மாற்றத்தைக் கவனித்துச் சொன்னால் மருத்துவருக்குப் பெரிய உதவி. மனச்சிதைவுக்குத் தரும் குளோசபின் மாத்திரை தொடங்கியபின் எண்ணச் சுழற்சி புதிதாக வரலாம், கூடவும் செய்யலாம்; மாத்திரையைத் தாங்களாக நிறுத்தாமல் வந்து சொல்ல வேண்டும். இதையெல்லாம் சொல்ல அந்த அம்மாவுக்குப் புரிகிற பெயர் வேண்டும்.

'சிதைவு' என்று கேட்டதும் முகம் வாடிவிடுகிறது. ஜப்பானில் 'மனப் பிளவு' என்ற பழைய பெயரை 2002இல் மாற்றிவிட்டார்கள். கொரியாவில் நரம்புக் கருவிக்குச் சுருதி சேர்ப்பதை வைத்துப் புதுப் பெயர் வைத்தார்கள். நாமும் 'சுருதி' என்று தொடங்கினால் என்ன?
– ந.

சுருதி வடசொல். 'பண்' இருக்க அது எதற்கு?
– செ.

ந. அக்கா, பெயரை மாற்ற மூன்று நாள் போதாது. 'எண்ணச் சுழற்சியும் மனச்சிதைவும்' என்றே அனுப்பிவிட்டேன். "மனசு சொல்லுது / அவங்க சொல்றாங்க" என்பதை முதல் பக்கத்தில் கட்டம் கட்டிப் போட்டிருக்கிறேன்.
– வ.

கட்டம் போதும், நன்றி. 'சிதைவு' எனக்கு இன்னும் சம்மதமில்லை.
– ந.