படச் செய்தி இறங்காமல் நிற்கிறதா? உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

எடிசன், நியூ ஜெர்சி:

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டில் வந்து தங்கும் பெற்றோருக்கு இது உதவும் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். கோவையிலிருந்து வந்த என் மாமியார், அங்கே வாங்கிய போனையே கொண்டுவந்தார். இங்கே ஒரு ப்ரீபெய்ட் சிம் வாங்கிப் போட்டோம். அழைப்பு, யூடியூப், வாட்ஸ்அப் எல்லாம் ஒழுங்காக வேலை செய்தன. பக்கத்து வீட்டு அம்மாள் மாமியாரின் பேரனைத் தன் தோட்டத்தில் வைத்து எடுத்த படங்களைச் சாதாரணக் குறுஞ்செய்தியில், அதாவது எம்எம்எஸ் என்ற படச் செய்தியாக, அனுப்புவார். அவை மட்டும் இறங்கவில்லை. ஒரு சாம்பல் நிறப் பெட்டி, அதில் செய்தியின் அளவு, காலாவதி ஆகும் தேதி, தொட்டால் சிறிது நேரம் சுற்றிவிட்டு 'பதிவிறக்க முடியவில்லை' என்ற வரி. இவ்வளவுதான் தெரியும்.

கடையில் கேட்டதற்கு, போனில் உள்ள அனைத்தையும் அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கச் சொன்னார்கள். மறைந்த மாமனாரின் படங்கள் அந்தப் போனில்தான் இருக்கின்றன. எனக்குக் கோபமே வந்துவிட்டது. மறுத்துவிட்டு வீட்டுக்கு வந்தோம்.

காரணம், சிம் நிறுவனத்தின் வலைப்பின்னலோடு போன் எப்படி இணைய வேண்டும் என்று சொல்லும் ஏபிஎன் அமைப்பில் இருந்தது. அமைப்புகளுக்குள் மொபைல் நெட்வொர்க், அதற்குள் 'ஆக்சஸ் பாயின்ட் நேம்ஸ்' என்ற பக்கத்தைத் திறந்தால் மேலிருந்து கீழாகப் பல கட்டங்கள் வரும். இணையத்துக்கு வேண்டிய கட்டம் சரியாக நிரம்பியிருந்தது. 'எம்எம்எஸ்சி' என்ற கட்டம் வெறுமையாகக் கிடந்தது. படச் செய்தியை எந்த முகவரியில் போய் எடுப்பது என்பதைப் போனுக்குச் சொல்லும் கட்டம் அது. சிம் நிறுவனத்தின் உதவிப் பக்கத்தில் இருந்த முகவரியை எழுத்துக்கு எழுத்து பார்த்து நிரப்பினேன். கீழே 'ஏபிஎன் டைப்' என்ற இடத்தில் 'எம்எம்எஸ்' என்ற சொல்லும் இல்லை, அதையும் சேர்த்தேன். சேமித்து, போனை அணைத்துப் போட்டதும் காலாவதி ஆகாத படங்கள் எல்லாம் இறங்கின. மாமியார் ஒவ்வொரு படத்தையும் விரல்களால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ஸ்கார்பரோ, கனடா:

அக்கா, நீங்கள் அழிக்க மறுத்தது மிகச் சரி. நான் போன் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பிரச்சினையோடு வருகிறவர்கள் அநேகமாக எல்லோரும் படம் தொலைந்துவிட்டது என்று நினைத்தே வருகிறார்கள். அது தொலைவதில்லை. தபால்காரர் பொதியைக் கொண்டுவராமல், வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சீட்டை மட்டும் போட்டுவிட்டுப் போவது போன்றது இந்த ஏற்பாடு. முதலில் உங்கள் போனுக்கு வருவது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு குறுஞ்செய்தி. படம் எந்த முகவரியில் இருக்கிறது, அளவு என்ன, எதுவரை வைத்திருப்பார்கள் என்பவை அதில் இருக்கும். அதைப் படித்துவிட்டு, போன் மொபைல் டேட்டா வழியாகப் போய்ப் படத்தை எடுத்து வரவேண்டும். ஆகவே அந்தச் சாம்பல் பெட்டியைக் கோபத்தில் அழித்துவிடாதீர்கள். அதை அழித்தால் முகவரியும் போய்விடும், பிறகு அனுப்பியவரிடம்தான் மறுபடி கேட்கவேண்டும்.

கடைக்கு வருகிற போனில் நான் முதலில் பார்ப்பது மொபைல் டேட்டாவைத்தான். வீட்டில் வைஃபை இருக்கிறதே என்று அதை அணைத்து வைத்திருப்பார்கள். நிறுவனத்தின் படச் செய்திக் கிடங்கு பெரும்பாலும் அவர்களுடைய சொந்த வலைப்பின்னலுக்குள்தான் இருக்கும், வைஃபை வழியாக அங்கே எட்ட முடியாது. புதிய ஆண்ட்ராய்டு போன்கள் சிலவற்றில், டேட்டா அணைந்திருந்தாலும் படச் செய்தியை மட்டும் அனுமதிக்க ஒரு தனிப் பொத்தான் சிம் அமைப்பில் இருக்கிறது. அடுத்தது, போனின் இணையத் தொடர்பை வேறோர் இடத்தின் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன். அது ஓடிக்கொண்டிருந்தால் சில போன்கள் வெளியூரைச் சுற்றிக்கொண்டு வந்து கிடங்கின் கதவைத் தட்டுகின்றன, அங்கே திறப்பதில்லை. விளம்பரத் தடுப்புச் செயலிகளில் பலவும் விபிஎன் முறையில்தான் இயங்குகின்றன என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. இடம் நிரம்பிய போனிலும் படம் இறங்காது. அது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

இன்னொன்று. 2015 ஜூலையில் ஆண்ட்ராய்டில் 'ஸ்டேஜ்ஃபிரைட்' என்ற பெரிய பாதுகாப்புக் குறை வெளியே தெரிந்தது. படச் செய்தியோடு வரும் வீடியோவைப் போன் தானாக இறக்கினாலே போதும், போன்காரர் எதையும் தொடாமலே கெட்டவர்கள் உள்ளே நுழைய வழி இருந்தது. அதனால் தானாக இறக்கும் வசதியை அணைத்து வைக்கச் சொல்லி அப்போது எங்கும் எச்சரித்தார்கள். நல்ல எச்சரிக்கைதான். அந்தப் பழக்கத்தில் இன்றும் அணைத்தே வைத்திருக்கிறவர்களைச் சந்திக்கிறேன். அவர்கள் போனில் கோளாறு ஏதுமில்லை, செய்தியைத் தொட்டால் படம் இறங்கிவிடும்.

டல்லாஸ், டெக்சஸ்:

எங்கள் தமிழ்ப் பள்ளியில் நடந்ததைச் சொல்கிறேன். வகுப்பு ரத்து என்று ஆசிரியை அனுப்பிய செய்தி சில பெற்றோருக்கு மட்டும் கிடைக்கவில்லை. அதில் படமே இல்லை, ஒற்றை வரிதான். ஆனாலும் அவர்கள் போனில் 'பதிவிறக்கத் தொடவும்' என்று நின்றது. குழந்தைகளை அழைத்துக்கொண்டு காலையில் வந்து, பூட்டிய கதவின் முன்னால் நின்றார்கள். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது.

பலருக்கு ஒரே உரையாடலாகச் செய்தி அனுப்பினால், வெறும் எழுத்தாக இருந்தாலும் அது எம்எம்எஸ் ஆகத்தான் போகிறது. டேட்டாவை அணைத்து வைத்திருந்த பெற்றோர்தான் சிக்கினார்கள். ஐபோன் வைத்திருந்த ஒரு தாயாருக்கு, செய்தி அமைப்பில் 'எம்எம்எஸ் மெசேஜிங்' பொத்தானே அணைந்திருந்தது. இப்போது எங்கள் குழுவில் ஆர்சிஎஸ் என்ற புதிய குறுஞ்செய்தி முறைக்கு முடிந்தவரை மாறிவிட்டோம். அது வைஃபையிலும் வரும். 2024 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 18 முதல் ஐபோனிலும் இருக்கிறது, ஆனால் சிம் நிறுவனமும் ஆதரிக்க வேண்டும். குழுவில் ஒருவரிடம் அது இல்லாவிட்டால் எல்லோருக்கும் பழையபடி எம்எம்எஸ்தான். அதனால் ரத்து அறிவிப்பு மட்டும் மின்னஞ்சலிலும் போகவேண்டும் என்று நான் வற்புறுத்தி ஏற்பாடு செய்திருக்கிறேன்.

தஞ்சாவூர்:

இங்கே படச் செய்தி என்றால் வாட்ஸ்அப்தான், எம்எம்எஸ் பார்த்தே பல வருடங்கள் ஆகின்றன. ஆனாலும் கேட்கிறேன். என் அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்திகள் வருகின்றன, படங்கள் மங்கலாகவே நின்று 'பதிவிறக்கம் தோல்வி' என்கிறது. போனில் இடம் தாராளமாக இருக்கிறது. பேத்தியின் காதுகுத்துப் படங்கள் அவை. அவர் தினமும் கேட்கிறார்.

ஸ்கார்பரோ, கனடா:

ஐயா, அண்ணன் போனில் தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். மின்கலம் முழுவதும் தீர்ந்துபோன பழைய போன்களில் அது பின்னுக்குப் போய்விடுவதுண்டு. தேதி தவறாக இருந்தால் வாட்ஸ்அப் படத்தை இறக்காது. 'தானியங்கி தேதி, நேரம்' என்பதை இயக்கி வையுங்கள். அது சரியாக இருந்தால், வாட்ஸ்அப்புக்குப் படங்களைச் சேமிக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். மெமரி கார்டு போட்டிருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒருமுறை முயன்று பாருங்கள்.

தஞ்சாவூர்:

தேதிதான். இரண்டு வருடம் பின்னால் இருந்தது. விழாப் படங்கள் இறங்கிவிட்டன, பழைய சில படங்கள் மட்டும் அனுப்பியவரிடமே மறுபடி கேட்கச் சொல்கின்றன. மருமகளுக்குச் சொல்லிவிட்டேன், இன்று இரவு அனுப்புகிறாள். நன்றி தம்பி.