மருந்து கேட்காத மடிவீக்கம்: சோத்துக்கத்தாழைப் பத்து மட்டும் போதுமா?

கொழிஞ்சாம்பாறை_கறவை:
எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியன்) கலப்பின மாடு, மூணாவது ஈத்து. வலது பின்காம்புல பால் திரியுது. காம்புல மருந்து டியூப் ஏத்தினா அடங்கி, மறுபடி வந்துடுது. பால் சோதனையில ஸ்டெஃபைலோகாக்கஸ் ஆரியஸ்ங்கற கிருமி. பெனிசிலின், என்ரோஃப்ளாக்சசின் ரெண்டுக்கும் 'ஆர்', அதாவது மருந்து கேட்காது. காய்ச்சல் இல்லீங்க, தீவனம் எடுக்குது. இங்கிலீஷ் மருந்தை நிறுத்திட்டு கத்தாழை, மஞ்சள், சுண்ணாம்பு மட்டும் போடலாமா? அளவு ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

மடிப்பத்து:
தேசிய பால்வள வாரியம் சொல்ற அளவு இதுங்க: சோத்துக்கத்தாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம். ஓரத்து முள்ளை மட்டும் சீவிட்டு மடலைத் தோலோட நறுக்கி, மூணையும் சேர்த்து அரைங்க. செங்காவி நிறத்துல விழுது வரும். அன்னன்னைக்கு அரைச்சதா இருக்கணும்.

முதல்ல மடியைக் கழுவி, கெட்ட காம்பைச் சொட்டு மிச்சமில்லாம பீச்சி எடுங்க. ஒரு கை விழுதை 150–200 மி.லி. தண்ணில கரைச்சு, மடி முழுக்கத் தடவுங்க. ஒரு நாளைக்கு 10 தடவை, 5 நாள். கூடவே ரெண்டு எலுமிச்சையை நறுக்கி காலை, மாலை தின்னக் கொடுங்க, 3 நாள்.

பலபேருக்குக் கேட்காததுக்குக் காரணம் இருக்கு. காலையும் மாலையும் மட்டும் கெட்டியா அப்பி விடுவாங்க. அது காய்ஞ்சு வெடிச்சு உதிர்ந்துடும். பாலை உள்ளயே விட்டுட்டு மேல பூசுவாங்க. வீக்கம் வத்தினதும் ரெண்டாம் நாளே நிறுத்திடுவாங்க. சுண்ணாம்பு வெத்தலைக்குப் போடற நீத்தினதுதான். நீத்தாத சுட்ட சுண்ணாம்புக் கல்லைப் போட்டா மடித்தோல் வெந்துடும். அடுத்த கறவைக்கு முன்னால பத்தை நல்லாக் கழுவிடணும்.

ஆய்வகத்தான்:
நிறம் சிவந்தால் மருந்து ஏறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மஞ்சள் சுண்ணாம்பின் காரத்தில் சிவக்கும், அவ்வளவுதான். மஞ்சளில் உள்ள குர்குமின் தண்ணீரில் அரிதாகவே கரையும், காரத்தில் சிதையவும் செய்யும். வீக்கத்துக்கும் வலிக்கும் பத்து உதவலாம். ஆனால் ஆரியஸ் மடிக்குள் சிறு சீழ்க்கட்டிகளிலும் உயிரணுக்களுக்குள்ளும் பதுங்கும். அங்கே தோல்மேல் பூசியது போகாது. ரிப்போர்ட்டில் 'எஸ்' (மருந்து கேட்கும்) வாங்கிய மருந்தே பல நேரம் போவதில்லை. ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொன்ற சாறு மடியிலும் கொல்லும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

மூலிகையே வீண் என்று சொல்ல வரவில்லை. ஊசிக்கலா வகைச் செடிகளில் உள்ள பெர்பெரின் என்ற கிருமிக்கொல்லிப் பொருளை ஆரியஸ் தன் 'நோர்ஏ' பம்பால் வெளியே தள்ளிவிடும். அந்தப் பம்பை அடைக்கும் இன்னொரு பொருளும் அந்தச் செடிகள் சிலவற்றில் இருப்பது 2000-இல் தெரியவந்தது. இதைப் படித்துவிட்டு எந்தச் சாற்றையும் காம்புத் துளையில் ஏற்றிவிடாதீர்கள். ஈஸ்ட்டும் வேறு கிருமியும் உள்ளே போகும்.

ரிப்போர்ட்டில் செஃபாக்சிடின் என்ற மருந்தின் வரியைப் பாருங்கள். அது 'எஸ்' என்றால், பெனிசிலின் தோற்ற இடத்தில் க்ளாக்சசிலின் வேலை செய்ய வாய்ப்புண்டு, மருத்துவரிடம் கேளுங்கள். அதுவும் 'ஆர்' என்றால் எம்.ஆர்.எஸ்.ஏ. (பெனிசிலின் வகை மருந்துகள் பலவற்றுக்கும் அடங்காத ஆரியஸ்) ஆக இருக்கலாம்: கையுறை போட்டுக் கறங்கள், அந்த மாட்டைக் கடைசியில் கறங்கள்.

சித்தூர்_பால்சங்கம்:
பால் தண்ணியா ஓடினாலோ, காய்ச்சல் 104 டிகிரி தாண்டினாலோ, மடி ஜில்லுன்னு நீலம் பூத்தாலோ பத்து அரைச்சிட்டு இருக்காதீங்க. அன்னைக்கே மிருகாஸ்பத்திரி.

கொழிஞ்சாம்பாறை_கறவை:
செஃபாக்சிடின் 'எஸ்'தாங்க. டாக்டர்கிட்ட கேட்டுக்கறேன். பத்தும் கூடவே போடலாமுங்களா? குணமானதை எப்படித் தெரிஞ்சுக்கறது?

ஆய்வகத்தான்:
போடலாம். டியூப் ஏற்றும் முன் பத்தைக் கழுவி, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் துடையுங்கள். பால் வெள்ளையாகிவிட்டதை வைத்து முடிவு கட்டாதீர்கள். 3 வாரம் கழித்து நாலு காம்பிலும் சி.எம்.டி. (கலிஃபோர்னியா மடிவீக்கச் சோதனை) பாருங்கள்: பாலும் சோதனை மருந்தும் சம அளவு ஊற்றிச் சுழற்றினால், குழகுழவென்று கட்டுவது கெட்ட காம்பு. அந்தக் காம்பின் பாலை மறுபடி கல்ச்சருக்கு (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) அனுப்புங்கள். அதிலும் ஆரியஸ் வந்தால், அந்தக் காம்பை மட்டும் வற்றவைப்பது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

சித்தூர்_பால்சங்கம்:
பாலை ஒதுக்கச் சொல்லி டியூப் அட்டையில போட்டிருக்கற நாள் முடியற வரைக்கும் நாலு காம்புப் பாலும் சங்கத்துக்கு வேண்டாமுங்க. கெட்ட காம்புப் பாலைக் கெடாரிக் கன்னுக்கும் ஊத்தாதீங்க, தொழுவத் தரையிலயும் பீச்சாதீங்க.