பெங்களூரு வடக்கில் குதிரை ஓட்ட மேட்டு நிலம் கிடைக்குமா?

வணக்கம் நண்பர்களே. தேவனஹள்ளி பக்கம் லாயத்தில் நிற்கும் என் தரோபிரெட் (பந்தயக் குதிரை இனம்) குதிரையைக் கிராஸ் கன்ட்ரி (திறந்த வெளியில் தடைகளைத் தாண்டி ஓடும் போட்டி) சீசனுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறேன். 5 நிமிடம் கேன்டர் (மிதவேக ஓட்டம்), 3 நிமிடம் நடை, இப்படி மூன்று சுற்று. ஓடி முடித்து 10 நிமிடத்தில் நாடித்துடிப்பு 60க்குக் கீழே வந்துவிடுகிறது. மூச்சில் குறையில்லை, கவலையெல்லாம் காலில்தான். காய்ந்த செம்மண் தரை கல் மாதிரி இறுகிக் கிடக்கிறது. காலையில் முன்னங்காலைத் தடவினால் லேசாகச் சுடுகிறது. டாக்டர் பார்த்துவிட்டார், வீக்கம் இல்லையாம், கெட்டித் தரை மட்டும் வேண்டாம் என்றார்.

மேட்டில் ஏற்றினால் வேகம் குறைவாக இருந்தாலும் இதயத்துக்கு நல்ல வேலை, காலில் அடியும் குறையும். நந்தி மலை அடிவாரத்தில் புல் தரையோடு, அரை கிலோமீட்டர் சீராக ஏறும் நிலம் யாரிடமாவது உண்டா? வாடகை தருகிறேன். அப்புறம், லாடத்தில் ஸ்டட் (வழுக்காமல் இருக்கப் பொருத்தும் சிறு குமிழ்) திருகத் துளை போட்டுத் தரும் ஆள் தெரிந்தாலும் சொல்லுங்கள்.