புதுப்பிப்பு: தமாக்சிஃபென் எடுக்கும்போது இரவு வியர்வை, எனக்கு எது பலன் தந்தது

மார்பகப் புற்றுநோய்க்குத் தமாக்சிஃபென் 20 மி.கி. தொடங்கியதிலிருந்து நடுராத்திரியில் உடம்பு கொதித்து, நைட்டி தொப்பலாக நனைந்து விழித்துக்கொள்கிறேன், என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி.

பலன் தந்தது, "டாக்டரிடம் காபாபென்டின் பற்றிப் பேசிப் பாருங்கள்" என்ற யோசனைதான். வலிப்புக்கும் நரம்பு வலிக்கும் தருகிற மாத்திரை அது. படுக்கும் முன் 300 மி.கி. எழுதிக் கொடுத்தார். வியர்வை அடியோடு நிற்கவில்லை, ஆனால் எழுந்து உடை மாற்றும் அளவுக்கு வருவது அபூர்வம். ஆரம்பத்தில் காலையில் தலைசுற்றலும் மந்தமும் இருந்தன, போகப் போகக் குறைந்தன.

எதிர்பாராத விஷயம் ஒன்று. பராக்ஸெட்டின் என்ற மன அழுத்த மாத்திரையும் சூட்டைக் குறைக்கும் என்று ஒருவர் எழுதியிருந்தார். குறைக்குமாம், ஆனால் தமாக்சிஃபென் எடுப்பவர்களுக்கு வேண்டாம் என்றார் டாக்டர். தமாக்சிஃபெனை எண்டாக்சிஃபென் என்ற வீரியமான வடிவுக்கு மாற்றும் கல்லீரல் நொதியை அது தடுக்கிறது. ஃப்ளுவாக்ஸெட்டின் என்ற மன அழுத்த மாத்திரையும் அப்படித்தான். காபாபென்டின் ஒத்துக்கொள்ளாவிட்டால் வெண்லாஃபாக்சின் என்ற வேறொரு மன அழுத்த மாத்திரையைப் பார்க்கலாம், அதில் இந்தத் தொல்லை மிகக் குறைவு என்றார். அதனால் வேறு எந்த டாக்டரிடம் போனாலும் தமாக்சிஃபென் எடுப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பருத்தி நைட்டி, தலையணை மேல் துண்டு, ராத்திரி காரக்குழம்புக்கு விடுப்பு: இவையும் ஓரளவு உதவின. வெந்தயத் தண்ணீர் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. சோயா மாத்திரை வேண்டாம் என்று டாக்டர் சொன்னதால் வாங்கவில்லை.