நெய் லேபலில் ‘கிரெய்னி’யா, ‘கிரிட்டி’யா?

கேள்வி: முல்லைத்தீவில எருமை நெய் போத்தலில அடைக்கிறம். மணிமணியாய் உறைஞ்சிருக்கிறதுக்கு ஆங்கிலத்தில ‘கிரிட்டி’ எண்டு போடலாமோ?

பதில் 1: வேண்டாம் அண்ணை. ‘கிரிட்டி’ எண்டால் சோத்தில கல் கடிபடுற மாதிரி நறநறப்பு. மண் போகக் கழுவாத கீரைக்குச் சொல்லுறது. நாக்கில வைச்சவுடன கரையிற மணிக்கு ‘கிரெய்னி’தான். (ஆளுக்கு ‘கிரிட்டி’ எண்டால் விடாப்பிடியானவர், அது புகழ்ச்சி.)

பதில் 2: ‘கிரனியுலர்’ எண்டும் நெய்க்கு எழுதுவினம், பிழையில்லை. சீனி, யூரியாப் பசளை மாதிரி உதிரியாய்க் கொட்டுறதுக்கும் அதுதான். ஐஸ்கிரீமுக்கு ‘கிரெய்னி’ எண்டால் குறைபாடு, நெய்யையும் அப்பிடி நினைக்காமலிருக்க ‘மெதுவாய் ஆறவிட்டது’ எண்டதையும் ஆங்கிலத்தில சேருங்கோ. உருக்கின நெய்யை உடன பிரிட்ஜில வைச்சால் பெரிய மணி விழாது, வழுவழுப்பாய் இறுகிப்போகும். 28–30 பாகை செல்சியஸில இரவு முழுக்க அசைக்காமல் விடுங்கோ.